மக்காவைத் தாண்டிப் போனவர்

கிண்ணியாவில் மேற்கு என்ற சொல்லுக்கு அதிக வேலை கிடையாது. நாங்கள் கிப்லாப் பக்கம் என்போம். கன்றுக்குட்டியைக் கிப்லாப் பக்கத்து வேம்பில் கட்டு. கிப்லாப் பக்கத்து வீட்டில் கொஞ்சம் உப்பு வாங்கி வா. கிப்லாப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது, உடுப்பை எடு. தொழும்போது மக்காவை நோக்கித் திரும்புகிற திசைதான் கிப்லா, எங்களுக்கு அது மேற்கு. சோற்றுக் கை எது என்று தெரிவதற்கு முன்பே பிள்ளைக்கு இது தெரிந்துவிடும். முதுகுக்குப் பின்னால் கொட்டியாரக் குடாக் கடல், முகத்துக்கு முன்னால் கிப்லா. இதற்கு மேல் ஒரு மனுசருக்குத் திசை எதற்கு?

நக்கலாகச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். அதுவும் பொது அறிவுப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்த காலத்தில்.

அது அறுபதுகளின் நடுப்பகுதி. எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிவிட்டு, ஊர்ப் பெண்கள் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டு, ஆசிரியர் நியமனப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். உலகின் மிகப் பெரிய சமுத்திரம் பசிபிக். மிக உயர்ந்த சிகரம் எவரெஸ்ட். மிக நீளமான நதி நைல். மிகப் பெரிய பாலைவனம் சகாரா. கிணற்றடியிலும் சொல்வேன், அரிசி புடைக்கும்போதும் சொல்வேன். உம்மா காது புளித்துப்போய், "அந்தப் பாலைவனத்துல கல்லு கிடந்தாக் கிடக்கட்டும், இந்தச் சுளகுல கிடக்கிறதைக் கண்ணத் திறந்து பொறுக்கு" என்பார். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். "உங்களுக்கு என்ன தெரியும்!" என்று சுளகை வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவேன். அந்தக் கோபம் இன்றைக்கும் என்னைவிட்டுப் போகவில்லை. நியாயமான கோபம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

வாப்பா கப்பலில் சமையல்காரர். திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கடற்படை இருந்தபோது அவர்களுடைய குசினியில் வேலை செய்தார். அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனதும், தேயிலை ஏற்ற வருகிற ஒரு சரக்குக் கப்பலில் ஏறிவிட்டார். அவருடைய புவியியல் முழுக்க நாக்கில் இருந்தது. ஏடனில் தண்ணி சரியில்லை, தேத்தண்ணி வாய்க்கு விளங்காது. பம்பாயில் வெங்காயம் நல்லது. சூடான் துறைமுகத்தில் ஆட்டிறைச்சி பஞ்சு மாதிரி. அவர் வீட்டுக்கு வந்திருக்கும் நாட்களில் நான் பரீட்சை வைப்பேன்.

"வாப்பா, நைல் நதி எந்தக் கடல்ல விழுது?"

"எதுலயோ விழட்டும் புள்ள. அதுல மீன் எப்பிடி, அதைச் சொல்லு."

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. செங்கடலுக்குள் கப்பல் போகும்போது மனசு கிடந்து அடித்துக்கொள்ளுமாம். "ஒரு நாளைக்கு அங்க இறங்கி ஹஜ்ஜுக்குப் போவன். உண்ட உம்மாவையும் கூட்டிக்கிட்டு" என்பார். உம்மா குசினிக்குள்ளிருந்து, "முதல்ல என்ட தங்கச்சிர கலியாணத்துக்கு என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க, பிறகு பாப்பம்" என்று குரல் கொடுப்பார். இப்படித்தான் அவர்கள் கொஞ்சிக்கொண்டார்கள்.

அந்த ஆண்டு கோடைக் கச்சான் காற்று வீசத் தொடங்கி, முற்றத்து மணல் சுடச்சுடப் பறந்துகொண்டிருந்த நாளில், துறைமுகத்திலிருந்து கப்பல் முகவருடைய ஆள் வந்தார். வாப்பாவுக்குக் கப்பலில் காய்ச்சல் கண்டதாம். சூடான் துறைமுகத்தில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம். அங்கேயே மௌத்தாகி, அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்களாம். அவர் சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வேறு ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை.

உம்மா அழுதார். ஆனால் அழுகைக்கு நடுவில் ஒரே கேள்வி அவரை அரித்துக்கொண்டிருந்தது. மையித்தை யார் குளிப்பாட்டினார்கள்? யார் தொழுவித்தார்கள்? கப்றில் முறையாக வைத்தார்களா? எங்கள் வழக்கப்படி மையித்தை வலப் பக்கம் சரித்து, முகத்தைக் கிப்லாவுக்குத் திருப்பி வைக்க வேண்டும். ஊரில் என்றால் தலை வடக்கே, முகம் மேற்கே. வந்து போன பெண்களெல்லாம் "அல்லாஹ் பாத்துக்குவான்" என்று ஆறுதல் சொன்னார்கள். உம்மாவுக்கு அது போதவில்லை. "அல்லாஹ் பாப்பான், அது எனக்குத் தெரியும். ஆக்கள் என்ன செஞ்சாங்க எண்டு எனக்கு ஆராவது சொல்லுங்களேன்" என்றார்.

சொல்வதற்கு ஒருவர் வந்தார். அதே கப்பல் திரும்பவும் தேயிலை ஏற்ற வந்தபோது, வாப்பாவோடு வேலை செய்தவர், திருகோணமலைக்கு வடக்கே சல்லி என்ற ஊரைச் சேர்ந்த தமிழர், வாப்பாவின் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பஸ்ஸில் வந்து, துறையில் பாதை ஏறி இக்கரைக்கு வந்திருந்தார். ஆற்றுவாயைக் கடக்கிற அந்த மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். பெட்டியைப் பச்சைப் பிள்ளையை வைப்பதுபோல விறாந்தையில் மெதுவாக வைத்தார். மாமா கதிரையை இழுத்துப் போட்டார். மாமா, உம்மாவின் தம்பி, கிண்ணியாவுக்கும் திருகோணமலைப் பட்டினத்துக்கும் தோணி ஓட்டுகிறவர். எங்கள் குடும்பத்துக் கோபத்தில் பாதி எனக்கு, பாதி அவருக்கு. உம்மா, கணவன் மௌத்தானபின் அன்னிய ஆண்கள் முன் வராத இத்தாவில் இருந்தபடியால் வெளியே வரவில்லை. அறை வாசல் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் திரையோரமாக நின்று இருவருக்கும் நடுவில் கதை காவினேன்.

"ஒரு குறையும் வைக்கேல்ல அக்கா" என்றார் அவர் திரையைப் பார்த்து. "அந்த ஊர் ஆக்கள், கப்பல்ல மூட்டை இறக்கிறவை, ஆரெண்டே தெரியாத மனுசருக்கு வேலையை விட்டிட்டு வந்தவை. குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுத்தி, வரிசை வரிசையா நிண்டு தொழுதவை. நானும் ஒரு பக்கம் தோள் குடுத்தனான்."

திரைக்குப் பின்னால் உம்மா பெரிதாக மூச்சு விட்டது கேட்டது. அத்தனை நாளாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு என் கையைத் திரைக்குள்ளால் பிடித்து, "எப்பிடி வெச்சாங்க எண்டு கேளு புள்ள" என்றார்.

நான் கேட்டேன். அந்த மனுசர் நல்லதையெல்லாம் சொல்லி முடித்துக் கடைசியாக ஆக நல்லதைச் சொல்கிற ஆளைப்போல முகம் மலர்ந்து சொன்னார்.

"கடல் தெரியிற இடம் அக்கா. தலையைத் தெற்கால வைச்சு, முகத்தைக் கடல் பக்கம் திருப்பி வைச்சவை. விடியச் சூரியன் எழும்பினா நேர முகத்துக்குத்தான் வெளிச்சம் விழும்."

என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது. நான் நடுவில் நிற்பதையும் மறந்து உம்மா நேரே கேட்டார்.

"கிழக்காலயா?"

"ஓம் அக்கா, கிழக்கு, கொஞ்சம் வடக்குச் சாய்வா..."

உம்மா போட்ட கூச்சலில் கிப்லாப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். மாமா கதிரையை உதைத்துத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "கிப்லாவுக்கு முதுகு காட்ட வெச்சிட்டு வந்து, வெளிச்சம் விழும் எண்டு கதை வேற சொல்றீங்களா? முறை தெரியாத ஆக்கள்ற கையில குடுத்திட்டீங்களே!" அந்த மனுசர் வெளிறிப்போனார். "காக்கா, அவையும் உங்கட ஆக்கள்தான், ஓதித்தான் வைச்சவை..." என்று மாமாவை அண்ணன் முறை வைத்து அழைத்து ஏதோ சொல்லப் பார்த்தார். யார் கேட்டார்கள்? குடிக்கக் கொடுத்த தேத்தண்ணி ஆடை படிந்து கிடக்க, படியிறங்கிப் போய்விட்டார். அவர் தலை குனிந்து போன மாதிரி எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அன்றிலிருந்து உம்மா படுத்தார். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்று சொல்வார்களே, அந்த நிலைதான். கெஞ்சினால் இரண்டு மிடறு கஞ்சி. "வாழ்நாள் முழுக்க ஒரு நேரம் தவறாமத் தொழுத மனுசன். உலகம் அழியிற கியாமத் நாள் வரைக்கும் முதுகக் காட்டிக்கிட்டுக் கிடக்கிறாரே" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். மாமா பள்ளிவாசல் லெப்பையிடம் போய்க் கேட்டார். லெப்பை பதமாகத்தான் சொன்னார்: "அந்த ஊரும் முஸ்லிம் ஊர்தானே. அவங்களுக்குத் தெரியாம இரிக்குமா?" மாமா அதை வந்து சொன்னதும் உம்மா, "தெரிஞ்சா இப்பிடி வெப்பாங்களா?" என்று கேட்டார். அதற்கு மாமாவிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

ஓம், என்னிடமும் இல்லை. செங்கடல் எங்கே என்று கேட்டால் ஆசியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் இடையில் என்று தூக்கத்திலும் சொல்வேன். ஆனால் அது ஒரு பெட்டி, கிப்லா வேறு பெட்டி. ஒன்றைத் திறந்து மற்றதற்குள் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

பிறகு உம்மா ஒற்றைக் காலில் நிற்கத் தொடங்கினார். கப்பல் முகவருக்கு இங்கிலீசில் கடிதம் எழுத வேண்டும், கப்றைத் திறந்து வாப்பாவை மேற்கே திருப்பி வைக்கச் சொல்ல வேண்டும். வீட்டில் இங்கிலீசு தெரிந்தவள் நான் ஒருத்திதான். அடக்கிய கப்றைத் திறக்கிறதா என்று எனக்கு நெஞ்சு பதறியது. இன்றைக்கு, நாளைக்கு என்று சாட்டுச் சொன்னேன். "உண்ட வாப்பாவுக்கு இதையும் செய்யமாட்டியா?" என்று உம்மா கேட்டபோது சாட்டுகள் தீர்ந்துபோயின. அடுத்த நாள் பின்னேரம் எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கப்பல் புறப்படுவதற்குள் கடிதம் போக வேண்டும் என்று மாமா தாளும் மையும் வாங்கி வைத்தார்.

அடுத்த நாள் காலையில் பாடசாலை. மனசு வீட்டில், வாய் வகுப்பில். நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள், அதுதான் அந்தக் காலத்துப் படிப்பு.

"செங்கடலின் கிழக்குக் கரையில் அரேபியா."

"செங்கடலின் கிழக்குக் கரையில் அரேபியா!"

"செங்கடலின் மேற்குக் கரையில் சூடான்."

"செங்கடலின் மேற்குக் கரையில் சூடான்!"

இரண்டாந் தரம் சொல்லும்போது பாதியில் நின்றேன். மேற்குக் கரையில் சூடான். மேற்குக் கரையில். நான் பிரம்பைப் போட்டுவிட்டுச் சுவரில் தொங்கிய உலகப் படத்துக்கு ஓடினேன். சூடான் துறைமுகத்தில் ஒரு விரலை வைத்தேன். மக்கா எங்கே? கடலுக்கு அங்கால். வலப் பக்கம். விரல் போக வேண்டியது வலப் பக்கம், கொஞ்சம் மேலே. கிழக்கு, வடக்குச் சாய்வு. அந்தச் சல்லி மனுசர் சொன்னது அட்சரம் பிசகாமல் அதேதான்.

"அல்லாவே!" என்று கத்திவிட்டேன்.

"அல்லாவே!" என்று வகுப்பு முழுக்கத் திருப்பிச் சொன்னது.

நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. நெஞ்சுக்குள் இருந்த கல்லை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. பாடசாலையில் ஒரு பூகோள உருண்டை இருந்தது, தென் அமெரிக்காவில் நெளிந்த பழசு. அதிபர் அம்மாவிடம் கெஞ்சி வாங்கினேன். "இன்னொரு நெளிவு விழாமக் கொண்டு வரணும்" என்று எச்சரித்துத் தந்தார். ஓலைப் பெட்டிக்குள் வைத்துத் துணியால் மூடி, வெயிலில் வேகமாக நடந்தேன். வழியில் ஒரு பெண் பெட்டியின் புடைப்பைப் பார்த்து மறித்தாள்.

"வத்தகைப் பழமா புள்ள? நல்லாப் பழுத்ததா?"

"உலகம்!" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனேன். வாப்பா போன கவலையில் எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று அன்றைக்கே ஊரில் கதை பரவியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். பரவட்டும்.

வீட்டில் மாமா தாளோடு காத்திருந்தார். உம்மா சுவரில் சாய்ந்து இருந்தார். நான் உருண்டையை நடுவில் வைத்துத் தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூலை எடுத்து அதன்மேல் பிடித்தேன்.

"இந்தா, இது நம்மட இலங்கை. இதில கிண்ணியா இஞ்ச."

உம்மா குனிந்து பார்த்தார். "நாம இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். இது மக்கா. நாம மேற்கால பாத்துத் தொழுறம், சரியா? இப்ப வாப்பா இருக்கிற இடத்தப் பாருங்க. மக்காவுக்கும் அங்கால. கடலத் தாண்டி. அவர் மேற்கால பாத்தா மக்கா அவருக்கு முதுகுப் பக்கம். கிழக்கால பாத்தாத்தான் மக்கா."

உம்மா உருண்டையை ஒரு விரலால் தள்ளினார். அது சுற்றியது. "இது சுத்தச் சுத்த எல்லாப் பக்கமும் மாறுது. இதுல எது கிழக்கு, எது மேற்கு? கீழ இரிக்கிற ஆக்கள் விழுந்திரமாட்டாங்களா? இந்தப் பந்த நம்பி அந்த மனுசன அப்பிடியே விட்டிரச் சொல்றியா?"

"பந்தில்ல உம்மா, பூமி!"

"எனக்குத் தெரிஞ்ச பூமி தட்டையாத்தான் கிடக்கு."

எனக்கு ஏறிவிட்டது. எத்தனை நாள் அழுகை, எத்தனை நாள் பட்டினி, கையில் விடை இருக்கிறது, பார்க்கமாட்டேன் என்கிறாரே! எழும்பிய வேகத்தில் உருண்டை தட்டுப்பட்டு விழுந்து அவுஸ்திரேலியாவிலும் நெளிந்தது. "சரி, எழுதுறன்! இப்பவே எழுதுறன்! ஆனா ஒண்டு கேளுங்க. இப்ப அவர் கிப்லாவப் பாத்துக்கிட்டுத்தான் இரிக்கார். நீங்க கப்றத் திறந்து திருப்பச் சொன்னா, அந்த மனுசன் கிப்லாவுக்கு முதுகு காட்டுறது அப்பத்தான் நடக்கும். உங்கட கடிதத்தால நடக்கும்!"

மாமா பேனையைக் கீழே வைத்துவிட்டார். அந்த நேரம் எனக்கே பயமாகப் போய்விட்டது. நான் மாமாவின் பக்கம் திரும்பினேன்.

"மாமா, நீங்க தோணி ஓட்டுறவர். பின்னேரத்தில மூதூர்ல இருந்து கிண்ணியாவுக்கு வரக்குள்ள வெயில் எங்க அடிக்கும்?"

"கண்ணுலதான். கண்ணப் பறிக்கும்."

"தம்பலகாமத்துல இருந்து வந்தா?"

"முதுகுல." சொல்லிவிட்டு மாமா நிறுத்தினார். துடுப்பைப் பிடித்திருப்பதுபோல அவர் கை தன்பாட்டில் ஒரு பக்கம் போய், மறு பக்கம் வந்தது. மூதூர் எங்களுக்குக் கிழக்கே, தம்பலகாமம் மேற்கே; கிண்ணியா இடம் மாறவில்லை. வருகிறவர்தான் ஒரு தரம் இந்தப் பக்கத்தால் வருகிறார், ஒரு தரம் அந்தப் பக்கத்தால். "ராத்தா," என்றார் மெதுவாக, "புள்ள சொல்றது சரி போலத்தான் கிடக்கு."

"சரி போலயா, சரியா?" என்றார் உம்மா. "அவருட விசயம் இது. 'போல' எல்லாம் எனக்குக் காணாது."

மாமா தலையைச் சொறிந்தார். அந்த நேரம் பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டது. உம்மா எழும்பி, கை கால் முகம் கழுவி ஒழு எடுத்துவிட்டு வந்து, கிப்லாப் பக்கத்துச் சுவருக்கு முன்னால் பாயை விரித்து நின்றார். அந்தச் சுவரில் ஹஜ்ஜுக்குப் போன சொந்தக்காரர் ஒருவர் கொண்டு வந்து தந்த, மக்காவில் இருக்கிற கஃபாவின் படம், கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. நான் பிறந்த நாளிலிருந்து அது அங்கேதான் தொங்கியது. நாங்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை, சுவரைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்போம்.

உம்மா தொழக் கையைக் கட்டவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நேரம் போனது. மாமா என்னைப் பார்த்தார், நான் மாமாவைப் பார்த்தேன்.

"புள்ள, இஞ்ச வா."

போனேன்.

"இந்தா, இஞ்சால நிக்கிறவங்களுட முதுகு தெரியுது. இவங்க நம்மளப்போல கஃபாவப் பாத்து நிக்கிறாங்க." விரல் கண்ணாடியில் மேலே ஏறியது. நடுவில் கறுத்த கஃபா. அதற்கும் அப்பால், சின்னச் சின்னதாக, வட்டமாக, ஆட்கள். "அங்கால நிக்கிற இவங்களுக்கு முகம் தெரியுது. இவங்க எந்தப் பக்கம் பாத்து நிக்கிறாங்க?"

"கஃபாவத்தான் உம்மா."

"ஓம். அதையும் தாண்டி ஆரப் பாத்து நிக்கிறாங்க?"

"நம்மள."

உம்மா பாயில் அப்படியே இருந்துவிட்டார். "அப்ப உண்ட வாப்பா இந்தப் பக்கம் நிக்கிறவர் இல்ல. மக்காவத் தாண்டிப் போயிட்டார். தாண்டிப் போனவர் திரும்பித்தானே பாக்கணும்." இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் பதறிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். கையை எடுத்தபோது அவர் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தார். "என்ட ரப்பே, நான் தொழக்குள்ள அவர் என்ட முன்னுக்குத்தான் கிடக்கிறார். நான் இவ்வளவு நாளும் அந்த மனுசனுக்கு முன்னுக்கு நிண்டுதான் ஒப்பாரி வெச்சிரிக்கன்!"

தொழுதார். நீளத் தொழுதார். தொழுகையை முடித்து ஸலாம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்து, "புள்ள, பசிக்குது" என்றார். அப்பாடா! வயிற்றில் பால் வார்த்தது என்று சும்மாவா சொல்கிறார்கள்? பசித்தது அவருக்கு, நிறைந்தது எனக்கு. சோறும் மீன் ஆணமும் போட்டுக் கொடுத்தேன். மறு சோறும் வாங்கிச் சாப்பிட்டார். உப்புக் காணாது என்றும் சொன்னார். அந்தக் குறையைக் கேட்டு நான் பட்ட சந்தோசத்தை என்னவென்று சொல்வது!

சாப்பிட்டுக்கொண்டே, "அந்த நூல இன்னொரு தரம் பிடி பாப்பம்" என்றார். பிடித்தேன். இப்போது நிதானமாகப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, நூல் ஒரே நேராகப் போகவில்லை. கிண்ணியாவிலிருந்து நேர் மேற்கே போகாமல் கொஞ்சம் வடக்குச் சாய்ந்து மக்காவுக்கு ஏறியது. மக்காவில் மடங்கிச் சூடானுக்கு இறங்கியது. சொல்லாமல் விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "உம்மா, நேருக்கு நேர் இல்ல. அந்த இடத்தில கொஞ்சம் மடங்குது" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

உம்மா நூலைப் பார்த்தார். "என்னைப் பாக்கிறதுக்கு அந்த மனுசன் கொஞ்சம் கழுத்தத் திருப்பமாட்டாரா?" என்று சொல்லி விரலைச் சூப்பினார். செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தது அன்றைக்குத்தான். மாமா மட்டும் நூல் வடக்கே சாய்ந்ததைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "நாமளும் அப்ப நேர மேற்கில்ல" என்று தனக்குள் சொன்னார்.

அடுத்த நாள் விடியத் தோணியில் நல்ல வத்தகைப் பழங்களாகப் பார்த்து ஏற்றிக்கொண்டு மாமா பட்டினத்துக்குப் போனார். பின்னேரம் சல்லி மனுசரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். தோணியில் வரும்போதே மன்னிப்புக் கேட்டு முடித்திருக்க வேண்டும், இருவரும் பழைய கூட்டாளிகள் மாதிரி இறங்கி வந்தார்கள். "அண்ணன், அண்டைக்கு நான் கதைச்சத மனசுல வெக்காதீங்க" என்று எங்களுக்கு முன்னாலும் மாமா ஒரு தரம் சொன்னார். "என்ன காக்கா, நானெண்டாலும் அப்பிடித்தான் கத்தியிருப்பன்" என்றார் அவர். உம்மா திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு, அடக்கம் செய்த கதையை முதலில் இருந்து சொல்லச் சொன்னார். அந்த மனுசர் பயந்து பயந்து சொன்னார். கடல் பக்கம் என்ற இடம் வந்ததும் என்னைப் பார்த்து நிறுத்தினார்.

"சொல்லுங்க தம்பி" என்றார் உம்மா. "அந்த வெளிச்சம் முகத்தில விழுறதச் சொல்லுங்க."

கடிதமும் எழுதினேன். கப்றைத் திறக்கச் சொல்லி அல்ல. தோள் கொடுத்த அந்தத் துறைமுகத்து ஆட்களுக்கு ஒரு நன்றி சொல்லும்படி முகவரைக் கேட்டு எழுதினேன். அந்த மனுசர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். பரீட்சையும் எழுதிப் பாஸ் பண்ணினேன், புல்மோட்டையில் நியமனம் கிடைத்தது. செங்கடலைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.

உம்மா அதற்குப் பிறகு நீண்ட காலம் இருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில், நோய் நொடி என்று அதிகம் படுக்காமல், கச்சான் காற்று அடங்கிய ஒரு காலையில் மௌத்தானார். எங்கள் ஊரில் பெண்கள் அடக்கம் செய்கிற மையவாடிக்குப் போவதில்லை. ஜனாஸாவை அனுப்பிவிட்டு நான் முற்றத்தில் நின்றேன். அடக்கம் முடிந்து மாமா வந்தார். தலை நரைத்துவிட்டது, காலெல்லாம் மணல். உம்மா அன்றைக்குத் திரைக்குள்ளிருந்து கேட்ட கேள்வி என் வாயில் தன்பாட்டில் வந்தது.

"எப்பிடி மாமா வெச்சாங்க?"

"நேர மேற்காத்தான் வெட்டப் போனாங்க" என்றார் மாமா. "நான் நிப்பாட்டி, கொஞ்சம் வடக்குச் சாய்வா வெட்டச் சொன்னனான். நானே இறங்கி முகத்தத் திருப்பி வெச்சன், உண்ட நூல் போன மாதிரியே." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பக்கத்தால அவர் கொஞ்சம் கழுத்தத் திருப்பினாப் போதும். மிச்சத்த இஞ்சால நான் திருப்பிட்டன்."

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அது பாரமான அழுகை இல்லை. வாளியில் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, "காலக் கழுவிட்டு வாங்க மாமா, சாப்பிடுவம்" என்றேன்.